ஜன்னலுக்கு மேலே ட்ரில் இறங்கவில்லை என்றால்

திரைச்சீலைக் கம்பி மாட்ட ஜன்னலுக்கு மேலே துளை போட்டால் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது, பிட் (துளை போடும் ஊசி) முனை நீலமாகிவிட்டது, பெரிய மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த இடத்தில் பெரும்பாலும் லிண்டல் இருக்கும், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட். செங்கலில் வெண்ணெயாய் இறங்கும் ட்ரில் அங்கே திணறுவது சகஜம். முதலில் ரிவர்சில் சுற்றுகிறதா பாருங்கள் (சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு நடப்பதுதான்). அப்புறம் சுத்தியல் படம் போட்ட மோடில் இருக்கிறதா? பிட்டும் கார்பைடு என்ற கடினமான முனை வைத்த மேசன்ரி பிட்தானா, அதாவது சுவருக்கான பிட்தானா? நீலமானதைப் பார்த்தால் இரும்புக்கான பிட்டோ என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் ரோட்டரி ஹாமர்தான் வழி. சாதாரண ஹாமர் ட்ரில்லில் இரண்டு பல் தட்டுகள் உரசித் தருவது சின்னச் சின்ன அதிர்வு. நீங்கள்தான் அழுத்த வேண்டும். ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிப்பதால் லேசாகப் பிடித்தாலே போதும். அதில் மாட்டுகிற மாதிரி அடிப்பகுதியில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் தனியாக வேண்டும். நாலு துளைக்காக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

திடீரென்று ஒரே ஆழத்தில் நின்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் முட்டியிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். அதே இடத்தில் முரண்டு பிடித்து அழுத்தினால் மெஷின் மணிக்கட்டைத் திருகிவிடும். மெஷினுக்குப் பக்கக் கைப்பிடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். உள்ளே வயர் ஓடுகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.