வெள்ளை வேலி பாயும், ஊர்க்கோழி மரம் ஏறும்

கேள்வி: எங்கள் வளவில் ஐந்து ஊர்க்கோழிகள் நிற்கின்றன. முட்டைக்காக நாலு வெள்ளை லெகோனும் மூன்று மண்ணிறக் கோழிகளும் வாங்கி விட்டேன். வெள்ளைகள் ஆளைக் கண்டாலே கத்திக்கொண்டு வேலி பாய்கின்றன. மண்ணிறங்கள் காலடியில் வந்து குந்துகின்றன, ஊர்க்கோழிகளிடம் கொத்து வாங்கி ஒன்றுக்கு இரத்தமும் வந்துவிட்டது. புதிதாக வந்ததில் ஒன்றுகூட அடை கிடக்கவில்லை. என் வளர்ப்பில் பிழையா?
- வாசகி, சாம்பல்தீவு

பதில்: உங்களில் பிழை இல்லை அக்கா, இனம் அப்படி. லெகோன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தால் வந்த பெயர் (துறைமுக ஊரான திருகோணமலைக்காரருக்கு ஒரு வகையில் சொந்தம்தான்). உடம்பு இலேசு, எதற்கும் வெருளும். ஒரு பக்கச் செட்டையில் மட்டும் நீண்ட இறகுகளை வெட்டிவிடுங்கள், பறக்கும்போது ஒரு பக்கம் சரியும், வேலி தாண்டாது. புதிதாக முளைக்கிற இறகில் இரத்தம் ஓடும், அதை வெட்டவேண்டாம்.

அடை கிடக்கிற பேடு முட்டையிடுவதை நிறுத்திவிடும், அதனால் முட்டைக்கென்று கோழி வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தையே கழித்துவிட்டார்கள். மண்ணிறத்துக்கும் இதே கதைதான். வளவில் சேவல் இருந்தால் அவற்றின் முட்டைகளை ஊர்ப்பேட்டுக்கு வையுங்கள். 21 நாளும் தீனுக்கும் தண்ணீருக்கும் தவிர எழும்பாது, கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கையைக் கொத்தும். கொத்தட்டும், பிறகு பருந்து வட்டமிடும்போது குஞ்சுகளைக் கூப்பிட்டுச் செட்டைக்குள் எடுப்பதும் அதே பேடுதான்.

மண்ணிறம் காலடியில் குந்துவதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். முட்டையிடத் தொடங்கும் வயதில் சேவலுக்குப் பதுங்குகிற மாதிரி ஆளுக்கும் பதுங்கும், அவ்வளவுதான். பொழுதுபடும்போது பாருங்கள், ஊர்க்கோழிகள் மாமரத்தில் கொப்புக்குக் கொப்பு தாவி ஏறிவிடும், இது கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். கீரிக்கு வேறென்ன வேண்டும்? இருட்டுமுன் கூட்டில் அடையுங்கள்.

சரி, கொத்துக்கு வருவோம். இரத்தம் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும், ஆகவே காயப்பட்டதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். காயம் ஆறியதும் மூன்றையும் ஒரு கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வைத்து, ஊர்க்கோழிகள் பார்த்துப் பழகவிடுங்கள். அப்புறம் மூன்றையும் ஒன்றாகவே திறந்துவிடுங்கள், தனியாக ஒன்றை விட்டால் அதற்குத்தான் எல்லாக் கொத்தும். தீனையும் இரண்டு இடத்தில் வையுங்கள்.