ஷாக்குக்கு முன் புஷ்ஷைப் பாருங்கள்

வண்டிப் பட்டறை: கேள்வி – பதில்

மழைக்காலம் முடிந்து சாலையெல்லாம் பள்ளமாகிக் கிடக்கும் இந்த நாட்களில், எனக்கு வரும் கடிதங்களில் பாதி வண்டியின் அடியிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே இருந்து அதிர்வைத் தாங்கும் பாகங்கள் பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னுடையது 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் கார். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் கடலூருக்கு வேலைக்கு வந்து போகிறேன். வேகத்தடையில் இறங்கும்போதும் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் முன்பக்கம் 'டொக்' என்கிறது. மெக்கானிக் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார். கடைக்காரரோ கம்பெனி சாமான், வேறு பிராண்டு, பெயரில்லாத மலிவுச் சாமான் என்று மூன்று விலை சொல்கிறார். எதை வாங்குவது ஐயா?
– ஆசிரியை ஒருவர், அரியாங்குப்பம்

பதில்: அம்மா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எது போயிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு முறை 'டொக்' என்றால் என் சந்தேகம் ஷாக்கின் மேல் போகாது, லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷின் மேல்தான் போகும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை, புஷ் என்பது அதன் மூட்டில் இரும்புக் குழலைச் சுற்றி ரப்பர் வைத்த துண்டு. ஷாக் போன வண்டியின் குணம் வேறு. வேகத்தடை தாண்டிய பிறகும் தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன் மேல் புழுதி அப்பியிருக்கும். சின்னச் சின்னக் கல்லில் மெதுவாகப் போகும்போது 'டக டக' என்று வந்தால் வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பியான லிங்க் ராடைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் மேலே உட்காரும் மவுண்டும் அதன் பேரிங்கும் போயிருக்கும். 2015 வெள்ளத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இந்தப் பேரிங்கைத் துருப் பொடியாக நானே நிறைய எடுத்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "லோயர் ஆர்ம் புஷ்ஷை நெம்பிக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். கம்பியைக் கொடுத்து நெம்பும்போது நடுக்குழலைச் சுற்றி ரப்பர் வாய் திறந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். லிங்க் ராடைச் சோதிப்பதானால் இரண்டு முன்சக்கரமும் தரையில் இருக்கும்போது கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் லிங்க் இறுகி நிற்கும், ஆட்டம் தெரியாமல் போய்விடும்.

சரி, போனது எது என்று தெரிந்துவிட்டது. இனி வாங்கும் வேலை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கடையில் காட்டுங்கள். ஒரே ஸ்விஃப்ட்தானே என்று வெறும் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது. டீசல் எஞ்சின் எடை கூடியது, அதனால் முன் ஸ்பிரிங் பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங்கிலிருந்து மாறுபடும். ஸ்பிரிங் கம்பியில் இருக்கும் வண்ணப் புள்ளிகள் அந்த வகையைக் குறிப்பதற்காகவே வைத்தவை. கழற்றிய பழைய சாமானையும் கையோடு எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளம், துளை, புஷ்ஷில் ரப்பர் இல்லாமல் விட்டிருக்கும் இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த இடைவெளி திசை மாறி உட்கார்ந்தால் வண்டி நேராகப் போகாது.

மூன்று விலையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லோயர் ஆர்ம் உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும், சக்கரத்தின் பக்கம் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டோடு சேர்ந்தே வரும். அதைக் கம்பெனி சாமானாகவே வாங்குங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி சாலையிலேயே உட்கார்ந்துவிடும், அங்கே பணத்தைப் பார்க்கக் கூடாது. ஷாக்கில் கேப்ரியல், மன்ரோ போன்றவையும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் ரானேயும் பல காலமாக என் கையில் புழங்கியவை, தைரியமாக வாங்கலாம். பெயரில்லாத மலிவுச் சாமானை, அதிலும் ரப்பரில், நான் தொடுவதே இல்லை. புதிய பால் ஜாயின்டைக் கையில் பிடித்து ஆட்டினால் கனமாக, ஒரே சீராக அசைய வேண்டும். தன் எடையிலேயே தொங்கி விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹோலோகிராமும் பாக எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டதும் முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே ஷாக்கும் போயிருந்தால், முன்னால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். அப்போது ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், ஷாக் அடிவரை முட்டாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகிய நான்கையும் அதே நாளில் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் கூலி ஒன்றுதான். பேரிங்கை மிச்சம் பிடித்தவர்கள் ஆறு மாதத்தில் அதே கூலியை இன்னொரு முறை கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். 1999-இல் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவரின் எஸ்டீம் காருக்குக் கம்பெனி லோயர் ஆர்ம் இரண்டு போட்டேன். நான்கே மாதத்தில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தார். கழற்றிப் பார்த்தால், நடுக்குழலை ஒட்டி ரப்பர் பிறை போலக் கிழிந்திருந்தது. மறுபாதி அன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்தது போல் பளபளவென்று இருந்தது. சாமான் சரியில்லை என்று கடைக்காரரிடம் போய் நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஜாக்கியில் தொங்கவிட்டுத்தானே முறுக்கினாய்?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் முறுக்கியிருந்தேன். புஷ்ஷின் நடுக்குழல் போல்ட்டோடு இறுகிவிடும், வெளிக்கூடு ஆர்மோடு அசையும், இரண்டுக்கும் நடுவே முறுக்கிக்கொள்வது ரப்பர். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருக்கும் இரவிலும் அதற்கு ஓய்வில்லை. அந்த இரண்டு ஆர்மையும் என் காசில் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் பட்டறையில், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் அந்த போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு.

ஆகவே அம்மா, வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். "கீழே இறக்கிவிட்டு இறுக்குங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

கேள்வி: சிவப்பு நிறத்தில் பாலியூரித்தேன் புஷ் கிடைக்கிறது. ரப்பரைவிடப் பல மடங்கு உழைக்கும் என்கிறார்கள். என் ஐ20-க்குப் போடலாமா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: உழைக்கும் என்பது பொய்யில்லை தம்பி. எண்ணெய் பட்டாலும் ரப்பர் போல் ஊதிப்போகாது. ஆனால் வேலை செய்யும் முறையே வேறு. ரப்பர் புஷ் முறுக்கிக் கொடுத்து அசைவைத் தாங்கும், இது குழலின் மேல் உரசிச் சுழலும். அதனால் அவ்வப்போது அதற்குரிய கிரீஸ் வைக்க வேண்டும். நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர். அந்த மணலும் உப்பும் உள்ளே புகுந்தால் வாசல் கதவு போல் கிறீச்சிடும். சாலையின் ஒவ்வொரு நடுக்கமும் ஸ்டீயரிங் வரை வரும். ஆசைக்கு ஸ்டெபிலைசர் பாரில் மட்டும் போட்டுப் பாருங்கள். லோயர் ஆர்முக்கு ரப்பரே இருக்கட்டும். அப்பா அம்மாவை உட்காரவைத்து ஓட்டும் வண்டி அது.

கேள்வி: வாடகைக் கார் ஓட்டுகிறேன். பழைய ஷாக்கை ரீகண்டிஷன் செய்து பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– ஓட்டுநர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். பெரும்பாலும் நடப்பது, துளை போட்டுப் பழைய எண்ணெயை இறக்கி, வேறு எண்ணெய் ஊற்றி, அடைத்து, பெயின்ட் அடிப்பதுதான். தேய்ந்த வால்வும், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலும் உள்ளே அப்படியே இருக்கும். வாயு ஷாக்காக இருந்தால் உள்ளே அடைத்திருந்த நைட்ரஜன் துளை போட்ட அன்றே வெளியே போய்விட்டது. தண்டில் துருப் புள்ளி இருந்தால் அது புதுச் சீலையும் அறுத்துவிடும். கையில் பணம் குறைவு என்றால் இந்த மாதம் முன்ஜோடி, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பின்ஜோடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இடது புதிது, வலது பழையது என்று மட்டும் ஓட்டாதீர்கள், உங்களை நம்பிப் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். புது ஷாக்கைப் பொருத்தும்போது தண்டை இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள். பல் பட்ட ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஆம்னி வேனில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிறேன். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தால் சரியாகுமா?
– மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்

பதில்: ஐயா, ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் நேராக அந்தப் பட்டைகளின் மேல்தான் விழுகிறது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் துரு ஏறி, தகடு மெலிந்து, வளைவு போயிருக்கும். மெலிந்த பட்டைகளோடு புதுப் பட்டை ஒன்றைச் சேர்த்தால், பாரம் முழுவதும் புதியதன் மேல் விழுந்து ஒரு நாள் ஒடியும். இரண்டு பக்கமும் முழுச் செட்டாக மாற்றுங்கள். பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட், அவற்றை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட், பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். ஒரு முறை இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பாரம் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிய பிறகு யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள்.

ஐஸ் பெட்டியின் அடியில் ஒரு தட்டு வைத்து, தண்ணீரைக் குழாய் வழியாகப் பின்பக்கம் சாலையில் விழும்படி விடுங்கள். இரவு வீடு திரும்பியதும் அடிப்பாகத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டீசலோ கிரீஸோ அடிக்க வேண்டாம், ஷேக்கிள் புஷ் ரப்பர் ஊதிவிடும்.