லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருக்கும்போது ஒன்ராறியோவில் கார் ஓட்டினால்

தம்பி, நீர் எழுதியதை மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருஷம், கையில் ஜி2 லைசென்ஸ் (முழு லைசென்ஸுக்கு முந்தின படி). பொலிஸ் மறித்துத் தந்த வேக ரிக்கெற் ஒன்றைக் கட்டாமல் விட்டீர், இடையில் வாடகை பேஸ்மென்ற்றும் மாறினீர். இப்போது பார்த்தால் லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருக்கிறது. இரவு வேலைக்குப் பத்து நிமிட ஓட்டம்தானே, பிடிபட்டால் ஒரு பைனோடு போகாதா என்கிறீர்.

போகாது. பைன் இதில் சின்னப் பகுதி.

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 53ஆம் பிரிவுதான் இதற்கு. முதல் தடவை குறைந்தது 1,000 டாலர், கூடியது 5,000. ஐந்து வருஷத்துக்குள் திரும்பவும் அகப்பட்டால் தொடக்கமே 2,000. ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. மறித்த இடத்திலேயே கைது செய்யவும் பொலிசுக்கு அதிகாரம் உண்டு. பைனுக்கு மேல் சேர்மானக் கட்டணமும் ஏறும். ஆனால் உம்மைக் கடிக்கப் போவது வேறொன்று. குற்றவாளி என்று தீர்ப்பானவுடனே லைசென்ஸ் இன்னும் ஆறு மாதத்துக்குத் தானாகவே நிறுத்தப்படும். நீதவான் இரக்கப்பட்டுப் பைனைக் குறைத்தாலும் இந்த ஆறு மாதத்தை அவரால் தொட முடியாது. சில நூறு டாலர் கட்டி முடித்திருக்கக்கூடிய ரிக்கெற், அரை வருஷம் பஸ்ஸில் திரிவதாக மாறுவது இப்படித்தான்.

"கடிதமே வரவில்லை" என்று சொல்லலாம் என்று நினைக்கிறீர். நிறுத்தல் அறிவித்தல் போக்குவரத்து அமைச்சிடம் இருக்கிற முகவரிக்குத் தபாலில் போகும். அனுப்பிய ஏழாம் நாள் அது உமக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கிடைக்கவில்லை என்று காட்டுவது உம்முடைய பொறுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊருக்குப் போயிருந்தேன் என்பதுபோல உம்முடைய கையை மீறிய காரணம் இருந்தால் வாதாட இடமுண்டு. வீடு மாறினேன் என்பது எடுபடுவது கஷ்டம், ஏனென்றால் முகவரி மாறி ஆறு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அதோடு நீர் இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவே எழுதியிருக்கிறீர். இனி அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிடிபடும் வாய்ப்பைப் பற்றியும் ஒரு சொல். நம்பர் பிளேற்றில் ஸ்ரிக்கர் ஒட்டும் வழக்கம் 2022இல் போய்விட்டதால் பொலிஸ் பார்க்க ஒன்றுமில்லை என்று கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொலிஸ் வண்டிகளில் பிளேற்றைத் தானாக வாசிக்கும் கமரா இருக்கிறது. சொந்தக்காரரின் லைசென்ஸ் நிறுத்தத்தில் இருந்தால் நீர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் அது மணியடிக்கும்.

காரையும் எடுத்துக்கொண்டு போவார்களா என்பது நிறுத்தியதற்கான காரணத்தைப் பொறுத்தது. பொயின்ற்ஸ் (போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஏறும் புள்ளிகள்) கூடி நிறுத்தப்பட்டவர் ஓடினால் கார் ஏழு நாள் பிடித்த வண்டிகளை வைக்கும் யார்டில். குடித்துவிட்டு ஓடியது போன்ற குற்றவியல் தீர்ப்பால் நிறுத்தப்பட்டவர் என்றால் 45 நாள், பைனும் 5,000இலிருந்து தொடங்கி 25,000 வரை. உம்முடையதைப் போலப் பைன் கட்டாத வழக்கிலும் அந்த இடத்திலிருந்து நீர் ஓட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள், லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட வேண்டும் அல்லது இழுவை வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) பறிபோகுமா என்று பயந்திருக்கிறீர். 53ஆம் பிரிவு மாகாணக் குற்றம், அதனால் குற்றப்பதிவு விழாது. ஆனால் நீதிமன்றம் குற்றவியல் சட்டத்தின் கீழ் "ஓட்டக்கூடாது" என்று தடை விதித்த ஒருவர் ஓடினால் அது வேறு கதை. அதற்கு உச்சத் தண்டனை பத்து வருஷம். குடிவரவுச் சட்டம் பார்ப்பது உமக்குக் கிடைத்த தண்டனையை அல்ல, அந்தக் குற்றத்துக்குக் கொடுக்கக்கூடிய உச்சத்தை. பத்து வருஷம் என்றால் "பாரதூரமான குற்றம்", பைன் மட்டும் கட்டி வெளியே வந்தவரையும் நாடுகடத்தும் விசாரணைக்கு இழுக்கலாம். இந்த இரண்டையும் குழப்பி வீணாகப் பயப்படுகிறவர்களும் உண்டு, வீணாகத் துணிகிறவர்களும் உண்டு.

இன்சூரன்ஸை யாரும் யோசிப்பதில்லை. பனியில் சறுக்கி இடித்துவிட்டீர் என்று வையும். உம்முடைய கார் திருத்தக் காசு வராது. காயப்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் வருமான ஈட்டுக் கொடுப்பனவும் இல்லை. எதிரில் வந்தவர் காயப்பட்டு வழக்குப் போட்டால் சட்டம் வகுத்த குறைந்தபட்சமான 200,000 டாலர் வரை கொம்பனி கொடுக்கும், பிறகு அதை உம்மிடம் திருப்பிக் கேட்கலாம். விபத்தே இல்லாவிட்டாலும் இந்தத் தீர்ப்பை மூன்று வருஷத்துக்கு இன்சூரன்ஸ்காரர் மறக்கமாட்டார்.

இனிச் செய்யவேண்டியது. முதலில் அந்த ரிக்கெற்றைத் தேடிப் பிடியும். தந்து 15 நாளுக்குள் பதில் போடாதபடியால் நீர் இல்லாமலே தீர்ப்பாகியிருக்கும். உம்முடைய பிழையில்லாமல் அறிவித்தல் கிடைக்காமல் போயிருந்தால், தீர்ப்புத் தெரியவந்த 15 நாளுக்குள் வழக்கைத் திரும்பத் திறக்கும்படி சத்தியக்கடதாசியோடு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காரணம் இல்லையென்றால் நீதிமன்றக் கணக்கில் பைனைக் கட்டும், பிறகு மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 281 டாலர் மீளளிப்புக் கட்டணம், அங்கேயே முகவரியையும் மாற்றும். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான்: பைன் ரசீது கையில் இருக்கிறது என்று அன்றிரவே காரை எடுப்பது. பைனைக் கட்டினாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. ஒன்ராறியோ அரசின் தளத்தில் லைசென்ஸ் இலக்கத்தைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அது சரியென்று காட்டும் வரைக்கும் திறப்பைத் தொட வேண்டாம். இலங்கை லைசென்ஸையோ சர்வதேசப் பெர்மிற்றையோ காட்டி ஓடலாம் என்று யாராவது சொன்னால் கேளாதேயும். வெளிநாட்டு லைசென்ஸுக்கு இங்கே குடியேறி 60 நாள்தான் ஆயுள்.

ஏற்கெனவே ஓடிப் பிடிபட்டவர்கள் வாசித்தால்: இதற்குப் பொலிஸ் தருவது சாதாரண ரிக்கெற் இல்லை, அழைப்பாணை. இணையத்தில் கட்டி முடிக்க முடியாது, சமாதான நீதவான் முன் போயே ஆக வேண்டும். "கட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்று முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த ஆறு மாதம் வந்து விழும். தவணைக்கு முன் பழைய பைனைக் கட்டி லைசென்ஸை மீட்டுக்கொண்டு, சட்டச் சங்க அனுமதி உள்ள ஒரு பாராலீகலோடு (இப்படியான சிறு வழக்குகளில் வாதாடக்கூடியவர்) போனால், "லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது" என்ற இலேசான குற்றத்துக்கு மாற்ற அரச தரப்பு இணங்குவதுண்டு. அதில் அந்தத் தானியங்கி ஆறு மாதம் இல்லை. உறுதி தர ஒருவராலும் முடியாது, உறுதி தருகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, அக்காவின் காரை எடுக்கலாமா என்றீர். குற்றம் ஓட்டுகிறவருடையது, கார் யாருடையது என்பது உம்மைக் காப்பாற்றாது. நிறுத்தம் தெரிந்தும் திறப்பைக் கொடுத்தால் அவருடைய இன்சூரன்ஸும் சிக்கலில் விழும், கார் யார்டுக்குப் போனால் இழுவைக் காசும் நாட்கூலியும் சொந்தக்காரரான அக்காவிடம்தான் கேட்பார்கள். அவரையே இரண்டு கிழமைக்கு வேலைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லும், பெற்றோலுக்குக் காசு கொடும்.