புதிய டிடெக்டரும் பழைய காசும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து வயல்களில் பதினான்கு ஆண்டுகளாக மெட்டல் டிடெக்டருடன் காசு தேடி வருகிறேன். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் புதிய கருவி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கி, எனக்கு நன்கு பழக்கமான மேய்ச்சல் நிலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சோதித்துப் பார்த்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். காசின் விலை கேட்பவர்கள் ஏலம் விடுவோரிடம் கேட்பதே நல்லது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஐயா, முதல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். வீட்டுத் தரையில் ஒரு பென்னிக் காசை வைத்துச் சோதித்தேன். அருகே கிடந்த ஆணிக்கு எப்படி மௌனமாக இருந்ததோ, அப்படியே காசுக்கும் மௌனமாக இருக்கிறது. கருவி பழுதா?

பதில்: கருவி பழுதில்லை, காசுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. 1992 முதல் ஒரு பென்னி, இரண்டு பென்னிக் காசுகள் செப்பு முலாம் பூசிய எஃகுக்கு மாறின. 2012 முதல் ஐந்து பென்னியும் பத்து பென்னியும் நிக்கல் முலாம் பூசிய எஃகுக்கு மாறிவிட்டன. இரும்பை ஒதுக்கும் அமைப்பில் கருவியை வைத்திருந்தால், அது தன் கடமையைச் சரியாகச் செய்து உங்கள் காசையும் ஆணியோடு சேர்த்து ஒதுக்கும். ஒரு காந்தத்தை அருகே கொண்டு போங்கள், காசு துள்ளி ஒட்டிக்கொள்ளும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு ரூபாய்க் காசு கையிலிருந்தால் அதையும் சோதியுங்கள்; அதுவும் காந்தத்தில் ஒட்டும் எஃகுதான்.

சோதனைக்கு 1992க்கு முந்தைய வெண்கலப் பென்னி ஒன்றும், 1946க்கு முந்தைய வெள்ளி ஆறு பென்னி ஒன்றும் போதும். 1920க்கு முன் அடித்த வெள்ளிக் காசில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதிதான் வெள்ளி. இவற்றைத் தோட்டத்தில் நான்கு, ஆறு, எட்டு அங்குல ஆழங்களில் தனித்தனியே புதைத்து, மேலே குச்சி நட்டு அடையாளம் வைத்து, தினமும் கால்மணி நேரம் கருவியின் அடியிலுள்ள வட்டச் சுருளை அவற்றின் மேல் ஓட்டிப் பழகுங்கள். கருவியோடு வரும் கையேட்டைவிட இந்தச் சிறு பாத்தி அதிகம் கற்றுத் தரும். புதிதாகப் புதைத்த காசு, பல நூறு ஆண்டுகள் மண்ணோடு இறுகிக் கிடக்கும் காசைப் போல ஒலிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (சென்னை): எத்தனை அடி ஆழம் வரை பார்க்கும்?

பதில்: அடிக்கணக்கு அல்ல, அங்குலக் கணக்கு. பதினோரு அங்குலச் சுருளுடைய நல்ல கருவி, ஒரு ரூபாய் அளவுள்ள காசை நல்ல மண்ணில் எட்டு அல்லது பத்து அங்குலம் வரை உணரும். காரணம் எளிது: சுருளிலிருந்து போகும் காந்தப்புலமும் தூரத்தோடு விரைவாக மெலிகிறது, அது காசில் எழுப்பும் சுழல்மின்னோட்டத்தின் எதிரொலியும் திரும்பி வரும் வழியில் அதே வேகத்தில் மெலிகிறது. சுருளின் அகலத்தைத் தாண்டிய பிறகு ஆழம் இரட்டித்தால், திரும்பும் சிக்னல் ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். முப்பது அடியில் இருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று காணொளியில் விற்கப்படும் கருவிகளை வாங்காதீர்கள். இந்த எச்சரிக்கையை இன்று மீண்டும் எழுத நேரும் என்று தோன்றுகிறது.

கேள்வி (டொரொன்டோ): குப்பையைத் தோண்டாமல் காசை மட்டும் எடுக்க வழி உண்டா?

பதில்: இல்லை. திரையில் தெரியும் எண், பொருளின் மின்கடத்துதிறன், பருமன், வடிவம் மூன்றும் கலந்த ஒரு கணிப்பு மட்டுமே. குளிர்பானக் குவளையின் இழுப்பு வளையமும் சிறிய தங்க மோதிரமும் ஏறத்தாழ ஒரே எண்ணில் விழும். வளையத்தை ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்குகிறீர்கள். கனடாவில் 2012 முதல் ஒரு டாலர், இரண்டு டாலர் காசுகளும் முலாம் பூசிய எஃகாகிவிட்டதால், கடற்கரையிலோ பூங்காவிலோ புதுக் காசு தேடுபவர் இரும்பு ஒலியையும் கேட்கப் பழக வேண்டும். ஒன்டாரியோவில் தொல்லியல் இடங்களைத் தோண்ட உரிமம் வேண்டும். பூங்காக்களுக்கு நகராட்சி விதிகள் தனி. கேட்காமல் இறங்காதீர்கள்.

கேள்வி (லெஸ்டர்): நில உரிமையாளரிடம் அனுமதி பெற்று முதல் ஞாயிறு ஆறு மணி நேரம் சுற்றினேன். கருவி ஓயாமல் கத்தியது. தோண்டினால் ஒன்றும் இல்லை. எங்கே தவறு?

பதில்: என் புதிய கருவியும் முதல் ஒரு மணி நேரம் இப்படித்தான் படுத்தியது. உணர்திறனை உச்சத்தில் வைத்திருந்தேன், சட்டைப்பையில் கைப்பேசி, நிலத்தின் ஓரமாக மின்வேலி. கைப்பேசியைக் காரில் வைத்துவிட்டு, வேலியை விட்டு விலகி, உணர்திறனைக் குறைத்து, சுத்தமான ஓரிடத்தில் சுருளை மேலும் கீழும் அசைத்து மண்ணுக்கேற்பச் சமன்படுத்திய பிறகுதான் கத்தல் அடங்கியது. பெரும்பாலானோர் ஆழம் கிடைக்கும் என்று எண்ணி உணர்திறனைக் கூட்டுகிறார்கள். கூடுவது இரைச்சல் மட்டுமே.

அடுத்தது கை. சுருள் புல்லை உரசுமளவு தாழ்வாக, வீச்சின் இரு முனைகளிலும் மேலே எழாமல் செல்ல வேண்டும். களைக்கொத்து வீசுவதுபோல வீசினால் ஓரங்களில் இரண்டு அங்குல ஆழத்தை இழக்கிறீர்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியையாவது மூட வேண்டும். நல்ல சிக்னல் என்பது நீங்கள் தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினாலும் அதே இடத்தில், அதே எண்ணில் ஒலிப்பது. ஒரு பக்கம் இனிமையாகவும் மறுபக்கம் கரகரப்பாகவும் ஒலித்தால் பெரும்பாலும் அது வளைந்த ஆணி.

மூன்றாம் ஞாயிறு மாலை, வேலியோர ஓக் மரத்தடியில் அப்படி ஒரு மெல்லிய ஒலி கேட்டது. இரு திசையிலும் மாறவில்லை. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திருப்பி, மண்ணைச் சாக்குத் துணியில் கொட்டினேன். குழியில் சிக்னல் இல்லை, துணியில் இருந்தது. இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவியால் தேடி, ஒரு களிமண் கட்டியை விரலால் உடைத்ததும், அரைநிலவு போன்ற தகடு ஒன்று ஒட்டியிருந்தது. சில்லறை இல்லாத காலத்தில் வெள்ளிப் பென்னியைச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாக வெட்டி அரைப் பென்னியாக வழங்கினார்கள். 1180 முதல் 1247 வரை அடித்த, பின்பக்கம் சிறிய சிலுவை பொறித்த ‘குறுஞ்சிலுவை’க் காசின் பாதி அது. முழுக் காசின் எடையே ஒன்றரை கிராமுக்குள் என்றால், பாதியின் எடையை நினைத்துப் பாருங்கள். என் பழைய கருவியோடு அந்த மரத்தடியைக் குறைந்தது பத்து முறையாவது கடந்திருப்பேன். புல் மூடியைத் திருப்பி வைத்து மிதித்துவிட்டு வந்தேன். குழியை மூடாமல் போகிற ஒருவரால் அந்த நிலம் நம் எல்லோருக்கும் பறிபோகும்.

கேள்வி (ஹாரோ): கிடைத்த காசைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கலாமா? என் அம்மா பித்தளைக் குத்துவிளக்கை அப்படித்தான் விளக்குவார்.

பதில்: அம்மாவிடம் காசைக் காட்டவே காட்டாதீர்கள். புளியின் அமிலம் பச்சைக் களிம்போடு எழுத்தையும் கரைத்துவிடும். நல்ல நீரில் நனைத்து, மண் தானாக உதிரும் அளவுக்கு மட்டும் விடுங்கள். தேய்க்காதீர்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): தங்கத்தை மட்டும் காட்டுமாறு அமைக்கலாமா?

பதில்: டொரொன்டோ நண்பருக்கு எழுதியதைப் படிக்கவும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் அம்மம்மா 2009இல் இடம்பெயர்ந்தபோது வன்னியில் ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டு வந்தார். இடம் ஓரளவு தெரியும். எந்தக் கருவி உதவும்?

பதில்: தயவுசெய்து நீங்களாக இறங்காதீர்கள். நான் வைத்திருக்கும் கருவிக்கு வெடிக்காத எறிகணைக்கும் தகரப் பெட்டிக்கும் வேறுபாடு தெரியாது; கண்ணிவெடியில் உலோகம் மிகச் சொற்பம், அதை அது கேட்காமலே போகக்கூடும். அந்த நிலம் கண்ணிவெடி அகற்றியதாக உறுதி செய்யப்பட்டதா என்பதை முதலில் கிராம சேவகர் வழியாக அறியுங்கள். அனுமதியின்றிக் கருவியோடு தோண்டினால் புதையல் தேடியதாகக் கைதாகும் ஆபத்தும் அங்கே உண்டு. இதற்கு மேல் நான் சொல்லத் தகுதியற்றவன்.

கேள்வி (கரூர்): அமராவதி ஆற்றில் மணலோடு சங்ககாலக் காசுகள் லாரியில் போய்க் கட்டடங்களுக்குள் புதைந்துவிட்டன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் இந்த ஆற்றில் கிடைத்தவைதாம். மிச்சத்தையாவது டிடெக்டர் வைத்து மீட்பது தொண்டு அல்லவா?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் வழி சரியல்ல. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவது தனிக் குற்றம். சட்டத்தை விடுங்கள், காசு எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பதுதான் செய்தி. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவை ஒன்றாகக் கிடைத்ததால்தான் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள் அடங்கிய ஒரே சேமிப்பு என்பதும், பெரும்பாலானவற்றின் முகத்தில் வேண்டுமென்றே வெட்டுக் கோடு இழுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயிருந்தால் ‘சேதமான காசு’ என்று உருக்கியிருப்பார்கள்.

கரூர் நண்பர் மீண்டும்: ஆற்று மணலில் அடுக்கு ஏது ஐயா? வெள்ளம் புரட்டிப் போட்டதுதானே? இங்கிலாந்தில் நீங்கள் ஞாயிறுதோறும் செய்வதை எங்களுக்கு மட்டும் குற்றம் என்கிறீர்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சங்ககாலக் காசுகளில் பெரும்பகுதியை நாம் அறிந்தது அகழாய்வுக் குழிகளால் அல்ல. ஆற்றில் மணல் சலித்தவர்களாலும் சேகரிப்பாளர்களாலும்தான்.

பதில்: கூரிய கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். நான் தோண்டுவதும் கலப்பை பலமுறை புரட்டிய மேல்மண்தான். அதற்குக் கீழே போவதில்லை. ஆகவே ‘அடுக்கு கலைந்த மண்’ என்ற உங்கள் வாதத்தை மறுக்க எனக்கு உரிமை இல்லை. மதுரை நண்பர் சொல்வதும் உண்மை. வேறுபாடு கருவியில் இல்லை, கணக்கெழுதுவதில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்டுபிடிப்புகளைப் பதிவதற்கென்றே அலுவலர் இருக்கிறார். அந்த அரைப் பென்னியை அவரிடம் கொண்டுபோனேன். எடை பார்த்து, படமெடுத்து, வரைபடத்தில் இடம் குறித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இனி அந்த மரத்தடியைப் பற்றி ஆராய்பவருக்கு அது பயன்படும். அமராவதியில் எடுத்த காசு எந்த ஆற்றுத்துறையருகே கிடைத்தது என்று யாரிடம் சொல்வீர்கள்? வணிகரிடம் போகும், அங்கே ‘கரூர்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கும். தமிழ்நாட்டில் கருவி வாங்குவதற்குமுன் அப்படி ஓர் அலுவலரைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் வாதம். அதுவரை கையால் பொறுக்கியதாயினும் ஆட்சியருக்கோ கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள்.

கேள்வி (கார்டிஃப்): பானையாகக் காசு கிடைத்தால் நமக்கா, அரசுக்கா?

பதில்: தோண்டுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. 2010இல் ஃப்ரோம் அருகே ஒருவர் பானையின் விளிம்பைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு தொல்லியலாளரை அழைத்தார்; 52,503 ரோமானியக் காசுகளை அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால் எது முதலில் பானைக்குள் போனது என்பது வரை தெரிந்தது. அருங்காட்சியகம் 3,20,250 பவுண்டு கொடுத்தது. அதைக் கண்டவரும் நில உரிமையாளரும் பகிர்ந்துகொண்டனர். மாறாக, 2015இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்ற இருவர் 2019இல் சிறைக்குப் போனார்கள். ஏறத்தாழ 300 காசுகளில் முப்பதளவே மீண்டன. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசு இரண்டு சேர்ந்து கிடைத்தாலே புதையல். மலிவு உலோகமானால் பத்து. பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். ஆம், புதையலையும் அவரே விசாரிக்கிறார். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

கேள்வி (கோயம்புத்தூர்): இருபது அடி பார்க்கும் கருவி இருக்கிறதாமே? நண்பர் இரிடியம் கலசம் பற்றியும் சொன்னார்.

பதில்: ஆழத்துக்குச் சென்னைக்காரருக்கு எழுதிய பதில். கலசம் மோசடி; அதற்குக் காவல் நிலையம்.

கேள்வி (ஸ்லாவ்): கருவி எத்தனை அடி...

பதில்: அங்குலம்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், மீண்டும்): காந்தத்தில் பென்னி ஒட்டிக்கொண்டது ஐயா! பெட்டியைக் கிளறியதில் 1971ஆம் ஆண்டு இரண்டு பென்னி ஒன்று கிடைத்தது, அது ஒட்டவில்லை. கருவியில் அருமையாக ஒலிக்கிறது. இப்போதே ஆறு அங்குலத்தில் புதைத்தும் விட்டேன். சிக்னல் வருகிறது, எண் மட்டும் இரண்டு குறைவாகக் காட்டுகிறது.

பதில்: அந்த இரண்டைக் குறித்து வையுங்கள். நாளை மழை என்கிறார்கள். நனைந்த மண்ணில் எண் என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.