மினி டிராக்டருக்கு எடை கட்டுவது எப்படி? கேள்வி பதில்

இருபத்தைந்து ஆண்டுகளாக மாதவரம் பக்கம் டிராக்டர் பட்டறை நடத்துகிறேன். இன்று எடை கட்டுவது, அதாவது சக்கரம் மிதக்காமலும் வழுக்காமலும் இருக்க வண்டியில் கூடுதல் பாரம் ஏற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள். கேட்டவரின் ஊர்ப்பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

செங்குன்றம்: 27 குதிரைத்திறன் மினி டிராக்டருக்கு முன் லோடர் போட்டிருக்கிறேன். வாளி நிறைய மண் அள்ளினால் பின்சக்கரம் மிதக்கிறது. எத்தனை கிலோ கட்ட வேண்டும், அண்ணா?

கிலோவுக்கு முன்னால் இடத்தைக் கேளுங்கள், தம்பி. கணக்கு போட்டுக் காட்டுகிறேன். லோடரோடு வண்டி 1,000 கிலோ, முன்னும் பின்னும் 500 என்று வைப்போம். அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டர். முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் 300 கிலோ மண். அந்த மண் முன் அச்சை ஆதாரமாக வைத்து வண்டியின் பின்பக்கத்தை நெம்புகிறது. பின்னால் 260 கிலோதான் மிஞ்சும். முன் அச்சு 1,040 கிலோவைச் சுமக்கும்.

இப்போது 200 கிலோ எடையைப் பின் டயருக்குள் தண்ணீராக ஏற்றினால் பின்னால் 460 ஆகிவிடும், ஆனால் முன் அச்சின் 1,040 அப்படியே நிற்கும். அதே 200 கிலோவைப் பின் அச்சிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, பின்னால் கருவிகளைத் தூக்கும் லிப்ட் கைகளில் தொங்கவிட்டால் பின்னால் 560, முன்னால் 940. முன் அச்சின் சுமையில் 100 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கும் முன் பேரிங்கும் பிழைப்பது இதனால்தான்.

200 லிட்டர் பீப்பாயில் 80 லிட்டர் அளவுக்குக் கான்கிரீட் போடுங்கள். அது சுமார் 190 கிலோ. பீப்பாயும், லிப்ட் கைகளில் மாட்டும் குறுக்குக் கம்பியும் சேர்ந்தால் 200ஐத் தாண்டும். பீப்பாயை முழுதாக நிரப்பிவிடாதீர்கள், கான்கிரீட் மட்டுமே 480 கிலோ வரும். உங்கள் லிப்ட் எவ்வளவு தூக்கும் என்பது கையேட்டில் இருக்கிறது. லிப்ட் கைகளுக்கு மேலே நடுவில் இருக்கும் மேல் இணைப்பையும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பீப்பாய் சுழலும்.

பூந்தமல்லி: பின்னால் இரண்டு ஆட்களை நிற்க வைத்தால் போதாதா?

கூடாது. வண்டி குலுங்கினால் அவர்கள் விழுவது சக்கரத்துக்கோ கருவிக்கோ அடியில்தான். ஆள் எடைக்கல் அல்ல.

பொன்னேரி: நாற்பது வருடமாக டயரில் தண்ணீர்தான் ஏற்றுகிறோம். பீப்பாய் எல்லாம் வீண் செலவு.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கலப்பை இழுக்கையில் சக்கரம் வழுக்காமலிருக்க டயர்த் தண்ணீர் அருமையான வழி. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, தண்ணீர் அந்த மட்டம் வரும்வரை, ஏறக்குறைய முக்கால் டயர் நிரப்புவோம். ஆனால் நான் பேசுவது லோடருக்கு.

பொன்னேரி: நானும் லோடர்தான் வைத்திருக்கிறேன். கவிழ்ந்ததில்லை.

கவிழாதது கணக்கைப் பொய்யாக்காது, ஐயா. பக்கத்து எடைமேடைக்குப் போங்கள். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி, வாளி காலியாக ஒருமுறை, மண்ணோடு ஒருமுறை எடை பாருங்கள்.

கோவளம்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். டயருக்கு ஆழ்துளைத் தண்ணீர் ஆகுமா? கால்சியம் குளோரைடு கலக்க வேண்டுமா?

கலக்க வேண்டாம். குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமலிருக்க அதைக் கலக்கிறார்கள்; நம் ஊரில் அந்தக் கவலையே இல்லை. உங்கள் கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீரும் வேண்டாம். போன வருடம் ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். ட்யூபில் ஊசித்துளை, உப்புத் தண்ணீர் கசிந்து வால்வு துவாரத்தைச் சுற்றி ரிம் அப்பளம்போல் உதிர்ந்தது. மழைநீரைப் பிடித்து ஏற்றுங்கள்.

திருவள்ளூர்: பின்னால் மாட்டிய ரோட்டாவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கினால் முன்சக்கரம் காற்றில் ஆடுகிறது.

உங்களுக்கு எடை வேண்டியது முன்னால். முன் பம்பரில் மாட்டும் இரும்புத் தட்டுகளை வாங்குங்கள். கருவியைத் தூக்கிய நிலையில், வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். பம்பரில் பையனை உட்கார வைக்காதீர்கள்.

முடிச்சூர்: மழை வெள்ளத்துக்குப் பின் எங்கள் குடியிருப்பில் சேறு அள்ள மினி டிராக்டர் வாடகைக்கு எடுக்கிறோம். எத்தனை கிலோ கட்டலாம்?

செங்குன்றத்துக்குச் சொன்னதைப் படியுங்கள், அம்மா. கூடுதலாக ஒன்று: 150 லிட்டர் வாளியில் ஈரச்சேறு 250 கிலோவைத் தொடும். வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கி வண்டியை ஓட்ட விடாதீர்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அதில் ஏற்றவும் விடாதீர்கள்.

ஆவடி: மானியம் கிடைக்குமா?

வேளாண் பொறியியல் துறையைக் கேளுங்கள். தலைமை அலுவலகம் நந்தனத்தில்.

திருப்போரூர்: எத்தனை கிலோ கட்டலாம்?

என்ன கருவி, எந்தப் பக்கம் மாட்டுகிறீர்கள், வண்டி எடை என்ன? மூன்றும் இல்லாமல் சொல்ல மாட்டேன்.

மீஞ்சூர்: மரத்தை வேரோடு இழுக்கும்போது முன்பக்கம் தூக்குகிறது. முன் எடை கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. சங்கிலியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? மேல் இணைப்பிலோ லிப்ட் கையிலோ என்றால் இப்போதே கழற்றுங்கள். வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் வண்டி ஓரிரு நொடிக்குள் பின்புறமாக மல்லாந்துவிடும்; கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இருந்தால் பெல்ட் போடுங்கள்.

பொன்னேரி: எடைமேடைக்குப் போய்வந்தேன். டயரில் தண்ணீரோடு, காலி வாளியில் பின்னால் 610. மண்ணோடு 350.

போய்ப் பார்த்ததற்கு நன்றி, ஐயா. பின்னால் 260 கிலோ குறைந்திருக்கிறது. அதுவும் மண்ணும் சேர்ந்து முன் அச்சில்தான் ஏறியிருக்கிறது. தண்ணீர் இருக்கட்டும். பீப்பாயையும் மாட்டி, இந்த முறை முன்சக்கரங்களை மேடையில் ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.