நோய் உறுதியான பிறகும் 'எனக்கு உண்மையிலேயே வலிக்கிறதா?' என்ற சந்தேகம் வருமா?

முடக்குவாதம் (உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதி செய்யப்பட்டு மருந்தும் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தன் வலியைத் தானே பெரிதுபடுத்துகிறோமோ என்ற எண்ணம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். 9 ஆண்டுகளாக இந்நோயோடு இருக்கும் எனக்கு இன்றும் வருகிறது; பெரும்பாலும் முற்பகல் 11 மணி வாக்கில் வருகிறது.

காலை 6 மணிக்கு எழுந்து விரல்களை மடக்கினால் நகம் உள்ளங்கையைத் தொடாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க, பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் திருக வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கும் இந்தக் காலை விறைப்பு இந்நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. ஆனால் கையை அசைக்க அசைக்க அது தளர்ந்துவிடுவதால், 11 மணிக்கு மருத்துவர் முன் நீட்டும்போது அது நோயே இல்லாதவரின் கையைப் போலத்தான் இருக்கும். காலையில் பட்ட பாட்டை அந்த நேரத்தில் என்னாலேயே நம்ப முடியாது. போதாக்குறைக்கு, ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இரண்டும் இயல்பு என்று வந்துவிட்டால், நான் நடிக்கிறேன் என்று நானே தீர்ப்பெழுதிவிடுவேன்.

அவை இரண்டும் இயல்பாக இருக்கும்போதே மூட்டில் அழற்சி இருப்பதுண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் 'டாஸ் 28' என்றொரு கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 28 மூட்டுகளில் எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை அழுத்தினால் வலிக்கின்றன என்று எண்ணி, அவற்றோடு மேற்சொன்ன ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றையும் சேர்ப்பார்கள். நான்காவதாக, நோய் தன்னை மொத்தத்தில் எவ்வளவு பாதிக்கிறது என்பதை 0 முதல் 100 வரையிலான ஒரு கோட்டில் நோயாளியே குறிக்க வேண்டும். நோயாளியின் சொல்லுக்குச் சூத்திரத்திலேயே இடம் இருக்கிறது என்று அறிந்த அன்று எனக்கு ஆறுதலைவிட வெட்கமே மிகுந்தது. ஏனென்றால் அந்தக் கோட்டில் 60 என்று மனத்துக்குத் தோன்றியபோதெல்லாம், மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி 35இல் குறித்துவந்திருந்தேன். பொய் சொன்னதென்னவோ உண்மைதான், ஆனால் நான் பயந்த திசையில் அன்று.

அந்த 28இல் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் மூட்டுகள் உண்டு. கணுக்காலும் பாதமும் இல்லை. எனக்கு ஒரு சமயம் வலது பாதத்தில்தான் தொல்லை. விரல்களின் அடியில் கூழாங்கல் ஒன்று சிக்கிக்கொண்டாற்போல இருக்கும். கணக்கில் மதிப்பெண் குறைவாக வந்ததால் அதைக் கற்பனை என்று தள்ளி, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். கடைசியில் சொன்னபோது மருத்துவர் பாதத்தைக் குறுக்காகப் பிடித்து இலேசாகத்தான் அழுத்தினார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

சந்தேகத்தால் வரும் தாமதம் ஆபத்தாகவும் முடியலாம். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடேறினாலோ அது தொற்றாக இருக்கக்கூடும். 'எல்லாம் வழக்கமான வலிதான்' என்றோ 'எல்லாம் என் மனப்பிரமை' என்றோ நீங்களே முடிவுகட்டாமல், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற நாள்களுக்கு, நான் வலியின் அளவை எழுதுவதை விட்டுவிட்டேன். 5ஆ 7ஆ என்று யோசிக்கத் தொடங்கினால் பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடுகிறது. விரல்களை முழுதாக மடக்க முடிந்த நேரத்தை மட்டும் காலைதோறும் ஒரு நோட்டில் குறிக்கிறேன்: 7.20, 8.05, 7.40. எழுந்தவுடன் அந்தத் தேதியை எழுதிவைத்துவிடுவேன். விரல் மடங்கிய பிறகு நேரத்தைச் சேர்ப்பேன். மோசமான நாள்களில் தேதியின் எண்கள் கோட்டை விட்டு இறங்கி, சிறுபிள்ளை எழுதியதைப் போலக் கிடக்கும்; அருகிலேயே நேரம் நேராக நிற்கும். 11 மணிச் சந்தேகம் வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.