கிளட்சை விட்டதும் அடியில் ‘டொக்’: டிஃபரன்ஷியலை மாற்றும் முன் பார்க்கவேண்டியவை

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: 2016 ரெனோ டஸ்டர் கார், நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் ஆல் வீல் டிரைவ் மாடல், ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. முதல் கியரில் நகரும்போதும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போதும் அடியில் ‘டொக்’ என்கிறது. காட்டிய இடத்தில் பின் டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். டிஃபரன்ஷியல் (இழுவையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) கெட்டால் பெரும்பாலும் முதலில் கேட்பது ஊளை, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ‘ஊ’. ‘டொக்’ மட்டும் தனியாக வருகிறதென்றால் எங்கோ லூஸ் விழுந்திருக்கிறது, இழுவை திசை மாறும் நொடியில் அந்த இடைவெளி மூடி அடிக்கிறது. அந்த இடம் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் தொடங்கிப் பின் ஆக்சில் வரை எங்கேயும் இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு வண்டியில் வேறு இடத்தில் டிஃபரன்ஷியல் மாற்றிய பிறகும் அதே சத்தம். கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்கு அடியில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் டார்க் ராடின் ரப்பர் கிழிந்து தொங்கியது. அந்த மனிதர் போட்ட பணத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்பதை முதலில் பிரியுங்கள். பள்ளத்திலும் ஸ்பீடு பிரேக்கரிலும் மட்டும் வந்தால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு என்று சஸ்பென்ஷன் பக்கம் போகவேண்டும். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து முதல் பிரேக் பிடிக்கையில் ஒரே ஒரு தடவை வந்தால் பிரேக் பேட் காலிப்பரில் நகர்வதாக இருக்கலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகரும்போது ‘டக் டக் டக்’ என்று அடுக்காக வந்தால் முன் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். நீங்கள் எழுதியிருப்பது இது எதுவும் இல்லை, இழுவை ஏறும்போதும் இறங்கும்போதும் வருவது.

சரி, உங்கள் வண்டியிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது, 2 வீல் டிரைவ், ஆட்டோ, லாக் என்று இழுவையை மாற்றும் அந்தத் திருகு. லாரி நெரிசல் இல்லாத நேரத்தில் மணலி பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு (சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும்) முதலில் ஆட்டோவிலும் அப்புறம் 2 வீல் டிரைவிலும் ஒரே மாதிரி நகர்த்திப் பாருங்கள். 2 வீல் டிரைவில் பின்பக்கத்துக்கு இழுவை போகாது. அதில் சத்தம் மறைந்தால் இழுவையை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கிப் பின்னால் தேடுங்கள். மாறாமல் இருந்தால் முன் ஆக்சில், இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட். ஒன்று கவனம், ஷாஃப்ட் அந்த நிலையிலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் சத்தம் மட்டும் முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

மவுண்ட் பார்க்க பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாகப் பிடிக்க விடச் சொல்லுங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கவேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் கூடாது. இன்ஜின் துள்ளி அடித்தால் மவுண்ட் போய்விட்டது.

ஷாஃப்டைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையாலும் பிடித்துப் பார்க்கவேண்டும். லிஃப்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு ஜாயின்டுக்கும் இரு பக்கம் ஒவ்வொரு கை வைத்து எதிரெதிராக முறுக்குங்கள். நல்ல ஜாயின்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக அசையும், போன ஜாயின்டில் உள்ளங்கையில் ஒரு சின்ன ‘டிக்’ தட்டும். ஜாயின்டில் கூட்டல் குறி வடிவ கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் அதன் முனைகளை மூடியிருக்கும் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துரு படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. அப்புறம் நடு ஷாஃப்டை மேலே தூக்கிப் பாருங்கள், சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் அது தொளதொளவென்று ஏறி இறங்கும். இதே ஏற்றத்தில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்களையும் கம்பியால் நெம்பிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஷாஃப்டைக் கழற்ற நேர்ந்தால் போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் பெயின்ட் கோடு போட்ட பிறகே கழற்றவேண்டும், இடம் மாறி மாட்டினால் பாலன்ஸ் போய் புதிதாக அதிர்வு தொடங்கிவிடும்.

டிஃபரன்ஷியலுக்குக் கடைசியில் வாருங்கள். உள்ளே ஒன்றோடொன்று பல் கோக்கும் கிரௌனுக்கும் பினியனுக்கும் நடுவில் கொஞ்சம் ப்ளே (இடைவெளி) வைத்துத்தான் செய்கிறார்கள், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். ஆயிலை இறக்கிப் பாருங்கள். பிளக்கில் காந்தம் இருந்து அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, கையில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் பிரித்தே ஆகவேண்டும். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் உங்கள் வண்டி நின்றிருந்தால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள், ஏனென்றால் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் திடீரென்று குளிரும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நாலு டயரும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமா என்பதையும் பாருங்கள். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, பின்பக்கத்துக்கு இழுவையை இணைக்கும் கப்ளிங்குக்குத் தேவையில்லாத வேலை கொடுக்கும். காய்ந்த தார் ரோட்டில் திருகை லாக்கில் போட்டு யூ டர்ன் அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஷாஃப்ட் முறுக்கேறி ‘டொக்’கென்று விடுபடும் சத்தம் அதிலேயே வரும்.

இரண்டு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓட்டி கியர் போட யாரையும் விடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். டோ செய்ய நேர்ந்தாலும் முன்பக்கத்தை மட்டும் தூக்கும் வண்டி வேண்டாம், நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியாகக் கேட்டு வரவழையுங்கள்.